பின்னால் நிற்க ஆள் இல்லை

பயப்படாதீங்க அக்கா, முட்டாது. கொம்புதான் பெரிசு, குணம் பூனைக்குட்டி. ஒரு வாரமாக நான்தான் இதற்குத் தழை ஒடித்துப் போடுகிறேன், ஒரு தடவைகூட முட்டியதில்லை. உங்கள் பையை மட்டும் கொஞ்சம் மடியில் தூக்கி வைத்துக்குங்க. உள்ளே வாழைப்பழம் இருக்கா? அதான் மூக்கை நீட்டுது.

கண்டக்டர் அண்ணன் முதலில் ஏற்றமாட்டேன் என்றார். கடைசி சீட்டுப் பக்கம் நிறுத்திக்கொள்கிறேன், புழுக்கை போட்டால் நானே அள்ளுகிறேன் என்று சொன்ன பிறகுதான் விசில் அடித்தார்.

விற்கவா? இல்லை. வெட்டவும் இல்லை. இது ப்ரைஸ், அக்கா. ஃபுட்பால் ஃபைனலில் ஜெயித்ததற்குக் கொடுத்த கிடா. ஜெயித்தது நாங்கள்தான், நெல்லிக்கானம் எஸ்டேட். நான் அந்த டீமில் ஃபார்வர்டு. ஃபைனலில் இரண்டு கோல் நான் போட்டது.

ஜெயித்த கிடாவை எதற்குப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகிறாய் என்றுதானே பார்க்கிறீங்க? திருப்பிக் கொடுக்கப் போகிறேன். ஆனைக்கல் எஸ்டேட்டுக்கு. எங்களிடம் தோற்றவர்கள் அவர்கள்தான். டீம்தான் என்னை அனுப்பியது.

ஆனைக்கல் வர இன்னும் நேரம் இருக்கிறது. சொல்கிறேன், கேளுங்க. நடுவில் மட்டும் ‘அச்சச்சோ’ போடாதீங்க. எனக்கு அது பிடிக்காது.

எங்கள் கிரவுண்டைப் பார்த்தால்தான் இது புரியும். மலையைச் செதுக்கி எடுத்த கிரவுண்டு. ஒரு பக்கத்து போஸ்டுக்குப் பின்னால் மண்மேடு. அடுத்த பக்கத்து போஸ்டுக்குப் பின்னால் ஒன்றுமே கிடையாது, நேராகத் தேயிலைச் சரிவு, அதற்கும் கீழே ஓடை. பந்து தாண்டினால் ஓடையில் போய்த்தான் நிற்கும். வலை கட்டினால் காற்று கிழித்துவிடும். அதனால் எங்கள் ஊரில் ஒரு சட்டம் உண்டு, நான் பிறப்பதற்கு முன்னாலேயே போட்டது. எந்த பேக்கைத் தாண்டிப் பந்து போனதோ அந்த பேக்தான் இறங்கி எடுத்து வரவேண்டும். பேக் தெரியுமில்லையா? கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன். இறங்கி ஏறி வந்தால் முட்டி வரைக்கும் அட்டை. டிரவுசர் பையில் உப்புப் பொட்டலம் இல்லாமல் எங்கள் ஊரில் ஒருத்தன் பேக் ஆட முடியாது.

பிறகு எவன் பேக் ஆடுவான், நீங்களே சொல்லுங்க. வரிசையாகக் கட்டின எங்கள் லைன் வீடுகளில் பிறக்கிற அத்தனை பயலும் ஃபார்வர்டு. நடக்கப் பழகும்போதே ஃபார்வர்டு. டீம் பிரிக்கும்போது குண்டாக இருக்கிறவன், புதிதாக வந்தவன், தொட்டதற்கெல்லாம் அழுகிறவன், இவர்களைத்தான் பின்னால் தள்ளுவோம். ‘பந்து பொறுக்கி’ என்று பேர் வைப்போம். நானும் வைத்திருக்கிறேன். அது விளையாட்டுக்குச் சொல்வது. யாரும் அதற்காகக் கோபித்துக்கொண்டது கிடையாது.

அப்படிப் பந்து பொறுக்கிப் பொறுக்கியே நல்ல ஆட்டக்காரர்களான நாலு பேர் எங்களுக்கு இருந்தார்கள். நாலே பேர். ஐந்தாவது ஆள் கிடையாது. நடுவில் நிற்கிறவர்களை ஸ்டாப்பர் என்போம். அது சூசை அண்ணனும் கந்தவேல் அண்ணனும். சூசை அண்ணன்தான் கேப்டன். தேயிலை ஃபேக்டரியில் பாய்லருக்கு விறகு தள்ளுகிறவர். இரண்டு ஓரத்துக்கும் அழகுமலை, பென்னட். முன்னால் ஆடுவதற்கு? அதற்கு மிச்சம் இருந்த அத்தனை பேரும் ரெடி.

சூசை அண்ணன் இரண்டு வருடமாகக் கெஞ்சிப் பார்த்தார். யாராவது ரெண்டு பேர் பின்னாடி ஆடிப் பழகுங்கடா, நாளைக்கு எங்களில் ஒருத்தன் விழுந்தால் என்ன செய்வீங்க என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். அவர் எங்கே விழப்போகிறார்? விறகுக் கட்டை மாதிரி உடம்பு. என்னைத் தனியாகவே கூப்பிட்டுக் கேட்டார். உயரம் இருக்கிறது, வேகம் இருக்கிறது, உன்னுடையது ஸ்டாப்பர் உடம்பு என்றார். விறகு தூக்கக் கூப்பிடுங்க வருகிறேன், பந்து பொறுக்கக் கூப்பிடாதீங்க என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டேன்.

நான் எப்போதும் மூஞ்சிக்கு நேரே பேசுகிறவன், அக்கா. பள்ளிக்கூடத்தையும் அப்படித்தான் விட்டேன். நீ படிச்சு என்னடா பண்ணப்போற என்று கணக்கு சார் கேட்டார். ஒன்றும் பண்ணப்போவதில்லை சார் என்று பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பதினொன்றாம் வகுப்போடு சரி. இப்போது அதே ஃபேக்டரியில் கொழுந்து உலர்த்துகிற இடத்தில் டெம்பரரி.

கதைக்கு வருகிறேன். தீபாவளிக்குப் போனஸ் போட்டதும் டவுன் கிரவுண்டில் ஒரு டோர்னமென்ட் ஆரம்பிக்கும். போனஸ் கப் என்று பேர், ஆனால் கப் எல்லாம் கிடையாது. கிடாதான். ஜெயித்த எஸ்டேட் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிடாவை வெட்டி எல்லா லைனுக்கும் சோறு போடவேண்டும், அதுதான் வழக்கம். ஒரு கிடா எத்தனை பேருக்கு வரும் என்று கேட்காதீங்க. இலைக்கு ஒரு துண்டு, மிச்சம் குழம்பு. அந்த ஒரு துண்டு எனக்கு விவரம் தெரிந்து எங்கள் எஸ்டேட்டில் விழுந்ததே இல்லை. ஆனைக்கல்லில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையாவது விழும்.

இந்த வருடம் வரும் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. முதல் மேட்சில் நாலு பேக்கும் நின்றார்கள். பந்து எங்கள் பக்கம் வந்ததா என்றே தெரியவில்லை. கீப்பர் லாசர் குளிருக்குக் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான்.

அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. முதலில் அழகுமலை. அவனுக்குக் காயம்கூட இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை வந்தது, அடுத்த நாளே மலையை விட்டு இறங்கிவிட்டான். அவனை எப்படிக் குறை சொல்ல? ஃபுட்பாலா சோறு போடும்? அவன் இடத்துக்கு ஆள் கிடையாது. என்ன செய்தோம்? ஒரு ஃபார்வர்டைப் பேருக்கு அங்கே நிறுத்தினோம். அந்தப் பயல் ஐந்து நிமிடம் நின்றான், ஆறாவது நிமிடம் எதிரி கோலுக்கு முன்னால் இருந்தான். அதனால் அந்த ஓரத்தையும் சேர்த்து கந்தவேல் அண்ணன்தான் ஓடினார். மேட்ச் முழுக்க இரண்டு ஆள் ஓட்டம்.

கந்தவேல் அண்ணன் அப்போது கவாத்து வேலையில் இருந்தார். தேயிலைச் செடி வளர்ந்துவிட்டால் தலையை வெட்டித் தட்டையாக்குவார்கள், அதுதான் கவாத்து. கத்தி முழங்கை நீளம் இருக்கும். இரண்டு ஆள் ஓட்டம் ஓடிவிட்டு மறுநாள் காலையில் சரிவில் நின்று கத்தி வீசினால் கால் எங்கே நிற்கும்? சறுக்கிவிட்டது. கெண்டைக்காலில் எலும்பு தெரிகிற மாதிரி வெட்டு.

பின்னால் ஆள் இல்லாத டீமின் லட்சணம் அதுதான். விழுந்தவன் ஆட்டத்தையும் சேர்த்து நிற்கிறவன் ஆடவேண்டும். ஆடி ஆடி அவனும் விழுவான். அப்புறம் மூன்று பேர் ஆட்டம் ஒருத்தன் தலையில். செமியில் சூசை அண்ணன் அப்படித்தான் ஆடினார். அந்தப் பக்கம் பென்னட் ஒருத்தன், நடுவில் இவர் ஒருத்தர், அவ்வளவுதான் எங்கள் டிஃபென்ஸ். ஒரு கோலில் ஜெயித்தோம். அந்தக் கோல் நான் போட்டது. ஆட்டம் முடிந்து அவர் ஸ்டாக்கிங்ஸைக் கழற்றினபோது முட்டி பலாக்காய் மாதிரி இருந்தது. எங்களுக்கு அதைப் பார்க்க நேரமில்லை, ஆடிக்கொண்டிருந்தோம். தப்பட்டை வந்திருந்தது.

பென்னட் கதையைக் கேட்டால் சிரிப்பீங்க. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போயிருக்கிறான். பனிமூட்டம். வளைவில் காட்டுமாடு நின்றிருக்கிறது. ஓடினான், கால்வாயில் விழுந்தான், தோள்பட்டை எலும்பு போய்விட்டது. மாடு அவனைத் தொடவே இல்லை, அது பாட்டுக்குப் புல் தின்றதாம். பேக் ஆடுறவன் எதிராளியைப் பார்த்து ஓடலாமாடா என்று ஆஸ்பத்திரியில் சுற்றி நின்று கேட்டோம். அவனும் சிரித்தான். சிரித்தால் அவனுக்கு வலிக்கிறது என்று நர்ஸம்மா எங்களை வெளியே துரத்திவிட்டார்கள்.

வெளியே வந்த பிறகுதான் எங்களுக்கே உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். எதிரி ஆனைக்கல். எங்களிடம் பேக் என்று சொல்ல ஒரே ஆள், அவருக்கும் ஒரே கால்.

ஃபைனல் அன்றைக்கு கிரவுண்டு ஓரத்தில் சூசை அண்ணன் எங்களை வட்டமாக உட்கார வைத்தார். என்னோடு ஸ்டாப்பர் யார் நிற்கிறீங்க என்று கேட்டார். எல்லோரும் புல்லைப் பார்த்தோம். நானும்தான். அவர் விரலை நீட்டி என்னைக் காட்டினார். அப்புறம் கோல் யாரு போடுறது என்று கேட்டேன்.

“வாங்காம இருந்தாப் போதும்டா இன்பா” என்றார்.

அப்புறம் அவசர அவசரமாக ஏதோ சொன்னார். பந்தைப் பார்க்காதே, வருகிறவன் இடுப்பைப் பார். பந்து பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது. மேலே போய் விழாதே, நின்று தாமதப்படுத்து, அதற்குள் நான் வந்துவிடுவேன் என்றார். முட்டியைச் சுற்றி இரண்டு துண்டு கட்டியிருந்தார். வந்துவிடுவேன் என்று அவர் சொன்னதை நானும் நம்பினேன் பாருங்க.

ஆனைக்கல் பெஞ்சைப் பார்த்தேன். சப் ஆட்கள் மட்டும் எட்டு பேர், கசங்காத ஜெர்சி. ஓர் இடத்துக்கு இரண்டு பேர் வைத்திருக்கிறார்கள். எங்கள் பெஞ்சில் கட்டுப் போட்ட காலோடு கந்தவேல் அண்ணன், தூக்கிக் கட்டின கையோடு பென்னட், ஒரு தண்ணீர்க் கேன். அவ்வளவுதான்.

மழை பெய்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதா மழை இல்லை, கண்ணைத் திறக்க முடியாத மழை.

அவர்களுடைய ஒன்பதாம் நம்பர் ஒல்லியாக ஒரு பையன். என் வயதுதான் இருக்கும். முதல் தடவை பந்தோடு நேராக என்னிடம் வந்தான். நில்லு என்று சூசை அண்ணன் கத்துகிறார். எனக்கு நிற்கத் தெரியாதே, அக்கா. பந்தைப் பார்த்தால் பாயத்தான் தெரியும். பாய்ந்தேன். அவன் அங்கே இல்லை. எழுந்து பார்த்தால் லாசர் வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்துக்கொண்டிருக்கிறான். டவுன் கிரவுண்டில் வலை உண்டு. இல்லாவிட்டால் நான்தான் எடுக்கப் போயிருக்கவேண்டும்.

இரண்டாவதும் அதே மாதிரி. அதே பையன், அதே இடம். இந்தத் தடவை நிற்கலாம் என்று நினைத்துக்கொண்டேதான் பாய்ந்தேன். மூன்றாவது தடவை நான் விழுந்ததைப் பார்த்துவிட்டு சூசை அண்ணன் அந்தப் பக்கமிருந்து ஓடிவந்தார். ஒரு காலில் ஓடினார் என்றுதான் சொல்லவேண்டும். சேற்றில் சறுக்கி, கட்டின முட்டி உள்பக்கமாக மடங்கியது. சத்தம் எனக்குக் கேட்டது. பந்து அவரைத் தாண்டி உள்ளே போனது. கொழுந்துச் சாக்கை விரித்து அவரைத் தூக்கிக்கொண்டு போய் எங்கள் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். போகும்போது என்னைத் திட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை திட்டவில்லை.

ஹாஃப் டைம். மூன்று கோல். பத்து பேர். சப் இல்லை. நான் எங்கேயும் போகவில்லை, எங்கள் கோல் போஸ்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மழை மூஞ்சியில் அடித்தது. சொன்னேனே, அப்படி ஒரு மழை.

அப்போதுதான் அந்த ராயப்பன் வந்தான். ஆனைக்கல் கேப்டன். கொழுந்து லாரி ஓட்டுகிறவன், ஆள் கதவு மாதிரி இருப்பான். எங்கள் பக்கத்து கோலுக்கு அவனுக்கு என்ன வேலை? நேராக என் முன்னால் வந்து நின்றான். கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் அவன் ஜெர்சியின் கீழ் ஓரத்தைத் தூக்கி, அதைப் பிழிந்து, என் மூஞ்சியைத் துடைத்துவிட்டான்.

ஊரே பார்க்கிறது, அக்கா. நாலு பக்கமும் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எங்கள் லைன் பெண்கள், ஃபேக்டரி ஆட்கள், என் அம்மா. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் துடைக்கிற மாதிரி துடைத்துவிடுகிறான்.

நான் அவன் கையைத் தட்டிவிட்டேன். மழை என்று சொன்னேன்.

“ஆமா தம்பி. மழைதான்” என்றான்.

சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். போய் அவனுடைய ஸ்டாப்பர் இரண்டு பேரையும் கூப்பிட்டான். இரண்டும் மலை மாதிரி ஆட்கள். ஏதோ சொன்னான். அவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நேராக நடந்து வந்து எங்கள் பெஞ்சில், சூசை அண்ணனுக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தர் அவருக்குக் குடை பிடித்தார். அவர்கள் இடத்துக்கு வேறு ஆளும் இறக்கவில்லை. உங்களுக்கு ஸ்டாப்பர் இல்லை, எங்களுக்கும் வேண்டாம் என்று ராயப்பன் ரெஃப்ரியிடம் சொல்லிவிட்டான். ரெஃப்ரிக்கு என்ன வந்தது, விசில் அடித்தார்.

அதற்கப்புறம் நாங்கள் போட்டோம் கோல். நாங்கள் எல்லோரும் ஃபார்வர்டுதானே? நடுவில் பொட்டல் மாதிரி வழி திறந்து கிடக்கிறது. நாலு கோல். இரண்டு என்னுடையது. ஒன்று இடது காலில். நீங்கள் பார்த்திருக்கவேண்டும், வளைந்து போய் மூலையில் விழுந்தது. நல்ல கோல், அக்கா, யார் நின்றிருந்தாலும் அது கோல்தான்.

இல்லை. நின்றிருந்தால் எனக்கு அந்த இடமே கிடைத்திருக்காது. சரி விடுங்க.

கேவலம் என்ன தெரியுமா? நாங்கள் கோல் போடப் போட ஜனம் கை தட்டியது. ஆனால் யாரைப் பார்த்துத் தட்டியது? எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு பேரைப் பார்த்து. நான் பந்தை உள்ளே தள்ளிவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன், ஒரு கண்கூட என் மேல் இல்லை. மைக்கில் ஒருவர், ஆனைக்கல்லின் பெரிய மனசு, ஆனைக்கல்லின் பெரிய மனசு என்று தொண்டை கிழியக் கத்தினார். ஜெயித்த டீம் பேரை ஒரு தடவை சொன்னார். அதையும் தப்பாகச் சொன்னார்.

கடைசியில் கிடாவின் கயிற்றை யார் வாங்குவது என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். சூசை அண்ணன் ஜீப்பில் ஆஸ்பத்திரி போய்விட்டார். நான்தான் வாங்கினேன். கொடுத்தவர் என் தோளில் தட்டி, அழக்கூடாது தம்பி, ஜெயிச்சிட்டீங்கள்ல என்றார்.

மழை, அக்கா. எத்தனை பேருக்குத்தான் சொல்வது?

எங்கள் ஊருக்கு இது எதுவும் உறைக்கவில்லை. கிடா வந்தால் சரி. தப்பட்டை அடித்து லைன் லைனாகக் கூட்டிப்போனார்கள். பிள்ளைகள் கிடாவுக்குச் சாமந்தி மாலை போட்டன. அம்மா மட்டும் என் தலையைத் துவட்டிக்கொண்டே, ஏன்டா, எல்லாரும் பாக்க அப்படி அழுத என்று கேட்டாள். நான் சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டேன்.

மறுநாள் ஃபேக்டரிக்குள் நுழைகிறேன், உலர்த்துகிற இடத்து ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஒருத்தர் கூரையைப் பார்த்து, என்ன ஸ்டாப்பர், மழை விட்டுச்சா என்றார். அன்றிலிருந்து அதுதான் என் பேர். டீக்கடையில் மழை விட்டுச்சா. கோயில் வாசலில் மழை விட்டுச்சா. நேற்று ஒரு பொடியன், இத்தனூண்டு, பேக்கில் தள்ளினதற்காக ஓரத்தில் நின்று அழுதுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனும் கேட்கிறான். விளையாட்டுக்குத்தான் சொல்கிறார்களாம். எவனாவது அதை வாங்கிக்கொண்டு நின்று பார்க்கட்டும், அப்புறம் தெரியும் விளையாட்டா இல்லையா என்று.

கண்டக்டர் அண்ணன் சிரிக்கிறார் பாருங்க. இவருக்கும் தெரியும். இந்த மலையில் தெரியாதவர் நீங்கள் ஒருத்தர்தான். அதனால்தான் உங்கள் பக்கத்தில் வந்து நின்றேன்.

என்னது? ஏன் தனியாக அனுப்பினார்களா?

டீம் அனுப்பவில்லை, அக்கா. முதலில் சொன்னது பொய். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. இன்றைக்குத்தான் கிடாச் சோறு. காலையில் எல்லோரும் சர்ச் பூசைக்குப் போன நேரத்தில் அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டேன். இந்நேரம் கொட்டகையில் வெறும் முளைக்குச்சியைப் பார்த்திருப்பார்கள். அடுப்பு தோண்டியாகிவிட்டது, வாடகைக்கு அண்டா வந்துவிட்டது. அம்மா நேற்றே மசாலா அரைத்து வைத்துவிட்டாள். வீட்டுக்குப் போனால் எனக்கு இருக்கிறது.

எப்படித் தின்பது, சொல்லுங்க? அந்த ஒரு துண்டை வாயில் வைத்தால் அந்த ஈர ஜெர்சிதான் மூஞ்சியில் படுகிற மாதிரி இருக்கும். நினைத்தாலே அந்த வேர்வை நாற்றம் வருகிறது. பிச்சை வாங்கலாம், அக்கா, பசித்தால் வாங்கலாம். நாங்கள் பசித்தா ஆடினோம்?

சூசை அண்ணன் மட்டும் என்னைப் பார்த்துவிட்டார். முட்டிக்குக் கட்டுப் போட்டு வாசல்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இனிமேல் பாய்லர் வேலை முடியுமா என்று டாக்டர் ஒன்றும் சொல்லவில்லையாம். கிடாவை எங்கே ஓட்டிப்போகிறாய் என்று கேட்டார். மேய்க்க என்றேன்.

“ஆனைக்கல் வரைக்குமா மேயப்போகுது?” என்றார். நான் கயிற்றை இழுத்துக்கொண்டு நடந்தேன். “ராயப்பன் வாங்கமாட்டான்டா” என்றார்.

வாங்கினால் என்ன, வாங்காவிட்டால் என்ன. நான் யோசித்து வைத்துவிட்டேன். ஆனைக்கல்லிலும் இப்போது பூசைக்குப் போயிருப்பார்கள். அவர்கள் கிளப் வாசலில் ஒரு சில்வர் ஓக் மரம் நிற்கிறது. அதில் கட்டிவிட்டு, இதே பஸ் மேலே போய்த் திரும்பி வருவதற்குள் ஸ்டாப்புக்கு வந்துவிடுவேன். யார் மூஞ்சியையும் பார்க்கவேண்டாம்.

என்னண்ணே? திரும்பச் சொல்லுங்க, சத்தத்தில் கேட்கவில்லை.

கேட்டீங்களா அக்கா கண்டக்டர் சொன்னதை? கட்டிட்டு ஓடிருவியா, அதானே பார்த்தேன், ஃபார்வர்டு ஆடுறவனுங்க நிக்கச் சொன்னா நிக்கிற சாதியாடா நீங்க, எல்லாம் ஓடுற ஆளுங்க என்கிறார். உங்களுக்கு என்னண்ணே தெரியும்? நீங்கள் பந்தைத் தொட்டிருக்கீங்களா?

தொட்டிருக்கிறாராம். அவரும் பேக்காம்.

…

இல்லை, ஒன்றுமில்லை. இந்த வளைவில் எப்போதும் எனக்குத் தலை சுற்றும்.

நீங்கள் வாழைப்பழத் தோலைக் கீழே போடாதீங்க, இதற்குக் கொடுங்க. தின்னும். பாருங்க, எப்படி வாங்குது.

அக்கா, ஒன்று யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு அந்தப் பையன் மூன்று தடவை வந்தான். மூன்று தடவையும் ஒரே இடுப்புதான். இடது பக்கம் ஆட்டிவிட்டு வலது பக்கம் போவான். எனக்கு இப்போது கண்ணை மூடினாலும் தெரிகிறது. ஃபேக்டரியில் கொழுந்தைத் திருப்பிப் போடும்போதெல்லாம் அந்த இடுப்புதான் முன்னால் வருகிறது. அன்றைக்கு நான் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நின்றிருந்தால் சூசை அண்ணன் ஓடிவந்திருக்க வேண்டியதில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கேட்கவும் யாரும் கேட்கவில்லை. எல்லோரும் மழையைத்தான் கேட்கிறார்கள்.

இதோ, அந்தத் தகரக் கூரை தெரியுது பாருங்க, அதுதான் ஆனைக்கல்.

மரத்தில் கட்டப் போவதில்லை. ராயப்பன் அண்ணன் வீடு லாரி ஷெட்டுக்குப் பின்னால், எனக்குத் தெரியும். நேராக அங்கேயே போகிறேன். கிடாவை வாங்கமாட்டார். வாங்காவிட்டால் கயிற்றை அவர் வீட்டு வாசலில் பிடித்துக்கொண்டு நிற்பேன். இன்னொரு மேட்ச் கேட்பேன். ஜெயிக்கிறவர்கள் இதை வெட்டிக்கொள்ளட்டும், அதுவரைக்கும் இது உயிரோடு இருக்கட்டும். அவர்களுடைய பதினோரு பேரும் உள்ளே நிற்கவேண்டும், அந்த இரண்டு ஸ்டாப்பரும் உள்ளேதான் நிற்கவேண்டும். ஒருத்தரையும் வெளியே உட்கார வைக்கக்கூடாது. உங்க பக்கம் யாருடா பின்னாடி நிக்கிறது என்று கேட்பார். நான் என்று சொல்வேன். உன் கூட யாரு என்று கேட்டால் சொல்வதற்குத்தான் இன்னும் ஆள் இல்லை. நேற்று ஓரத்தில் நின்று அழுத அந்தப் பொடியன் வளர்ந்து வருவதற்கு நாளாகும். பத்து கோல் வாங்குவோம். வாங்குவோம், அதனால் என்ன? வாங்கிவிட்டு நிற்பேன்.

வரேன் அக்கா. கயிற்றை ஒரு நிமிடம் பிடிங்க, நான் முதலில் இறங்கிக்கொள்கிறேன். கொம்பில் கை வைக்காதீங்க, கயிறு போதும்.

அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொள்ளப் போகிறேன். மழை இல்லாத நாளாகப் பார்த்து மேட்சை வைக்கச் சொல்லணும்.